பிரம்பும் பிதாவின் இருதயமும்



பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீட்டு ஜெபக் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பிள்ளைங்களை அடிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்றாங்க, சட்டமும் அப்படித்தான் சொல்லுது. ஆனா வேதத்துல பிரம்பைப் பத்தி எழுதியிருக்கே. அடிக்காம விட்டா வசனத்துக்குக் கீழ்ப்படியாம போயிடுவோமா?" இப்படிக் கேட்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. தங்கள் பிள்ளை கெட்டுப்போகக் கூடாதே என்ற பாரம் உள்ளவர்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு வேதத்திலிருந்தே பதில் தேட வேண்டும்.

முதலாவது, நாம் வேதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற எல்லாம் வேதம் அல்ல. "அடியாத மாடு படியாது" என்பது நீதிமொழிகளில் இல்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்புக்கொடுத்தது நம் ஊர் வழக்கம், அப்போஸ்தலர் உபதேசம் அல்ல. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிரம்புதான் சட்டம். 1855-ல் பிறந்த உ.வே. சாமிநாதையர் சிறு வயதில் நம் அரியலூரில் இருந்தவர். தமிழில் தனக்கு ருசி உண்டாக்கினவர் அரியலூர் சடகோபையங்கார் என்று தன் சரித்திரத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பிரம்பைக் காட்டிப் பாடத்தை ஒப்பிக்க வைக்கலாம், ருசியை உண்டாக்க முடியாது. வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் இதே கதைதான்.

இரண்டாவது, வேதம் என்ன சொல்லுகிறது? நீதிமொழிகள் 13:24, 22:15, 23:13-14, 29:15 ஆகிய இடங்களில் பிரம்பு வருகிறது. வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சாலொமோனின் காலத்தில் தகப்பன் கையில் பிரம்பு இருந்தது, அது அடிக்கவும் செய்தது. ஆனால் 23:13-ஐக் கவனியுங்கள். பிள்ளைக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைக்காதே என்று அங்கே கட்டளையிடப்படுவது எபிரெய மொழியில் "மூசார்". இதே வார்த்தை 1:8-லும் இருக்கிறது. அங்கே மகன் தன் தகப்பனுடைய மூசாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. முதுகில் வாங்குகிறது அல்ல அது, காதால் கேட்கிறது. புத்தி சொல்லுதல், திருத்துதல், வழிக்குக் கொண்டுவருதல் எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் இருக்கிறது. கட்டளை மூசார்தான். பிரம்பு அந்தக் காலத்தில் அதற்கு இருந்த கருவி.

"கட்டளையையும் கருவியையும் அப்படிப் பிரிக்கலாமா?" என்று கேட்பீர்கள். நாம் ஏற்கெனவே பிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நீதிமொழிகள் 10:13 புத்தியில்லாத பெரியவனுடைய முதுகுக்கும் பிரம்பைச் சொல்லுகிறது. எந்தச் சபையிலாவது புத்தியீனமாய் நடந்த மூப்பரைப் பிரம்பால் அடித்தார்களா? உபாகமம் 21-ல் அடங்காத மகனை ஊராருக்கு முன்பாக நிறுத்திக் கல்லெறியச் சொல்லியிருக்கிறது. யாராவது செய்கிறோமா? பெரியவர்களுக்கு வரும்போது ஆவியின் கருத்தைப் பார்க்கிறோம், சிறு பிள்ளைக்கு வரும்போது மட்டும் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறோம். திருப்பி அடிக்க முடியாதவன் என்பதாலா?

இன்னொரு காரியம். நீதிமொழிகளில் "பிரம்பு" என்றும், சங்கீதம் 23-ல் "கோல்" என்றும் நம் தமிழ் வேதத்தில் இருப்பது எபிரெயத்தில் ஒரே வார்த்தைதான். தாவீதுக்கு ஆறுதலாய் இருந்தது அந்தக் கோல். நம் ஊர் ஆட்டுக்காரரைப் பாருங்கள். நீண்ட தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். அதைக் கொண்டு கருவேல மரக்கிளையை வளைத்துக் காய் பறித்துப் போடுவார், பாதை மாறின ஆட்டைத் திருப்புவார், நாய் வந்தால் துரத்துவார். அதைத் தன் ஆட்டின் மேல் அடித்து முறித்தால் அவர் மேய்ப்பர் அல்ல. பிள்ளைக்கு நம் கையிலிருப்பதைப் பார்த்தால் ஆறுதலா, நடுக்கமா?

மூன்றாவது, கோபம். மனுஷனுடைய கோபத்தால் தேவனுடைய நீதி உண்டாகாது என்பது யாக்கோபின் உபதேசம். வீட்டுக்குள் நடப்பதை நேர்மையாய்ச் சிந்தியுங்கள். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அம்மா காலையிலிருந்து பருத்திக் காட்டில் வேலை செய்துவிட்டு வருகிறார். குழு லோன் கட்டச் சொல்லி வாசலில் ஒருவர் நின்று நாலு பேர் கேட்கப் பேசிவிட்டுப் போகிறார். அந்த நேரத்தில் பையன் பாலைக் கொட்டிவிடுகிறான். விழுகிற அடி பாலுக்காகவா? அடித்த பிற்பாடு வசனத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். நம் களைப்புக்கும் அவமானத்துக்கும் கர்த்தருடைய நாமத்தைப் போட்டுவிடுகிறோம். அவருடைய நாமத்தை வீணாய் வழங்குவது இதுவும்தான் அல்லவா?

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு துக்கமான சாட்சி உண்டு. அமெரிக்காவில் 1994-ல் பிள்ளை வளர்ப்பைப் பற்றி, வசனங்களைக் காட்டி அடிக்கச் சொல்லுகிற ஒரு புத்தகம் வந்தது. அதைக் கையில் வைத்திருந்த கலிபோர்னியா தம்பதியர் 2010-ல், தாங்கள் தத்தெடுத்த 7 வயதுப் பெண் பிள்ளையைத் தண்ணீர் இணைப்புக்குப் போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் அடித்தார்கள். பாடம் வாசிக்கையில் ஒரு வார்த்தையைச் சரியாய்ச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். பிள்ளை இறந்துபோயிற்று. பெற்றோர் இருவரும் சிறைக்குப் போனார்கள். பிரம்பால் அடித்தால் பிள்ளை சாகாது என்ற பொருளில் 23:13-ஐ மேற்கோள் காட்டுகிற நாம் இதை அறிந்திருக்க வேண்டும். அவர்கள் ஜெபிக்கிற குடும்பம், சபைக்குப் போகிற குடும்பம். "நாங்க அந்த அளவுக்குப் போகமாட்டோம்" என்று சொல்லலாம். அடிக்கு அளவு வைக்கிறவர் யார்? கோபத்தில் இருக்கிற நாமேதான்.

நான்காவது, இதுதான் என் இருதயத்தில் பாரமாய் இருக்கிறது. பிள்ளை ஞாயிறு பள்ளியில் "பரம பிதா" என்று கேட்கிறது. பிதா என்றால் எப்படி இருப்பார் என்று அதற்குத் தெரிந்த ஒரே படம் வீட்டில் இருக்கிற அப்பாதான். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டவுடனே கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளை, பிதாவின் சமுகத்துக்குத் தைரியமாய் வருவது எப்படி? ஞாயிற்றுக்கிழமை அந்நிய பாஷை பேசுகிற நம்மைச் சபை அறியும். திங்கட்கிழமை நம் கையைப் பிள்ளை அறியும். சாந்தமும் இச்சையடக்கமும் ஆவியின் கனி என்றால், அந்தக் கனி முதலாவது வீட்டில் காய்க்க வேண்டும்.

அப்படியானால் செல்லம் கொடுத்து விட்டுவிடுவதா? இல்லவே இல்லை. ஏலியின் குமாரர்கள் கெட்டுப்போனார்கள். அவர்களை அடக்காமற்போனதுதான் அவன்மேல் வந்த குற்றச்சாட்டு என்று 1 சாமுவேல் 3:13 காட்டுகிறது. அடிக்காமல் சிட்சிப்பது சுலபமல்ல, அடிப்பதே சுலபம். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பொய் சொன்ன பிள்ளையை உட்கார வைத்து ஏன் என்று கேட்க அரை மணி நேரம் வேண்டும். உடைத்ததைச் சேர்ந்து சரி செய்ய வைக்க வேண்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அதனுடன் கடை வரைக்கும் நடக்க வேண்டும். செல்போனை ஒரு வாரம் எடுத்து வைத்தால், அழுதாலும் அந்த ஒரு வாரம் வார்த்தை மாறாமல் நிற்க வேண்டும். கோபம் மூண்டால் வெளியே போய் நின்று, தணிந்தபின் உள்ளே வர வேண்டும். பிள்ளைகள் மனந்தளரும்படி அவர்களைக் கோபப்படுத்தாதிருக்கப் பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதினபோது, இந்த உழைப்பைத்தான் தகப்பன்மார் தோளில் வைத்தார்.

சபைக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2003-லேயே பிரம்படி தடை செய்யப்பட்டது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையோடு மனதைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ம் பிரிவின்படி, தன் பொறுப்பிலிருக்கிற பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆகவே ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் குச்சி வேண்டாம். நம் தெருவில் ஒரு பிள்ளை வதைக்கப்படுகிறது என்று தெரிந்தால், "அது அவங்க குடும்ப விஷயம்" என்று ஜெபத்தோடு நிறுத்தாமல் 1098-க்கு போன் செய்யுங்கள்.

தேவ ஜனமே, சீஷர்கள் விரட்டின பிள்ளைகளை இயேசு அணைத்துக்கொண்டார், அவர்கள்மேல் கைகளை வைத்தார். பிள்ளையின்மேல் கை வைப்பதற்கு நம் ஆண்டவர் காட்டின மாதிரி அது ஒன்றுதான். இன்று இரவு உங்கள் பிள்ளை தூங்கப் போகுமுன் அதன் தலையில் கை வைத்து ஜெபியுங்கள். அப்போது பிள்ளை முகம் சுருக்குகிறதா, சாய்ந்துகொள்கிறதா என்று பாருங்கள். மற்றதை ஆவியானவர் உங்களோடு பேசுவார்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.