விழுவதற்காகக் காத்திருக்கும் கண்



சில நாட்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த வாலிபன் ஒருவன் அறைவீட்டுக்கு வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவனுக்கு வேலை. ஓய்வு நாட்களில் கலியாணங்களுக்கு வீடியோ எடுப்பான். பெங்களூரில் நடந்த ஒரு குதிரையேற்றப் போட்டியைப் படமெடுக்கப் போயிருந்தானாம். அன்று விடாத மழை. கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஒரு தடையருகே சேற்றிலே நின்றான். பல குதிரைகள் செவ்வையாய்த் தாண்டிச் சென்றன. பிறகு ஒன்று சறுக்கிற்று. சவாரி செய்த பெண் கீழே விழுந்தாள்.

“சாமி, அந்தக் காட்சி கேமராவில் பதிந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அவள் எழுந்து நின்ற பிறகுதான் வெட்கம் வந்தது. இது பாவமா?” என்றான். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, திண்ணையில் கேட்டான், எழுதவும் சம்மதித்தான்.

இது ஈவென்டிங் என்னும் போட்டி. குதிரையின் அடக்கமான நடை, வெட்டவெளியில் தடைகளைத் தாண்டும் நெடிய ஓட்டம், மைதானத்தில் தாண்டுதல் என மூன்று சோதனைகள் அதில் உண்டு. நெடிய ஓட்டமே ஆபத்தானது. மழையில் கால் வழுக்காதிருக்க லாடத்தில் ஆணிகள் திருகுவார்கள். 2021 ஆகஸ்ட் 1-ந் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு பவாத் மிர்சா ஒரு தடையிலும் பிழையின்றி அந்த ஓட்டத்தை முடித்தார். இறுதியில் 23-ம் இடம் பெற்றார். அதே நாளில், அதே ஓட்டத்தில், ஜெட் செட் என்ற சுவிட்சர்லாந்துக் குதிரை காலில் தீராத காயமுற்று, கருணைக்கொலை செய்யப்பட்டது. இரண்டில் எதை நாம் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்போம்? மனசாட்சி பதில் சொல்லட்டும்.

வாலிபனுக்கு நான் சொன்னது இது: மனதில் தானாய் எழும் முதல் அசைவு பாவமல்ல, அதற்குக் கொடுக்கும் சம்மதமே பாவம். நீ வெட்கப்பட்டாய், ஆகவே சம்மதிக்கவில்லை. ஆனால் கண்ணைப் பழக்காவிட்டால் நாளை வெட்கமும் வராது. அர்ச். அகுஸ்தீன் தம் வாழ்க்கையை விவரித்த நூலின் ஆறாம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்கிறார். ரோமையில் தோழர்கள் அவரை மல்லர்களின் கொலைக்களத்துக்கு வலிய இழுத்துப் போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் ஆர்ப்பரித்ததும் திறந்தார். அன்றே அந்த வெறிக்கு அடிமையானார்.

அப்படியானால் விழுதலைப் பார்ப்பதே தப்பா? அல்ல. அந்தச் சேற்றில் ஒவ்வொரு தடைக்கும் ஒரு நடுவர் நிற்கிறார். அவரும் அதே மழையில் நனைந்து, யாராவது விழுவார்களோ என்றுதான் பார்க்கிறார். விழுந்தால் பின்வரும் குதிரையை நிறுத்தவும் மருத்துவரை அழைக்கவுமே அந்தப் பார்வை. விழுந்த விதங்களை ஆராய்ந்ததன் பயனாகவே, குதிரை பலமாய் மோதினால் தானே விட்டுக்கொடுக்கும் தடைகளும் வந்தன. ஒருவன் விழுதலை விரும்பிக் காத்திருக்கிறான். மற்றவன் விழுந்தவனுக்காகக் காத்திருக்கிறான். பேதம் கண்ணில் இல்லை, கருத்தில் இருக்கிறது.

வாசகரே, நமக்குப் பெங்களூர் தூரம்; கல்கத்தா நெடுஞ்சாலை பக்கம். ஐப்பசி மழையில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி பைக்கோடு சறுக்கி விழுகிறான். உடனே கைகள் நீளுகின்றன. தூக்குவதற்கல்ல, செல்போனில் படம் பிடிப்பதற்கு! போலீசுக்குப் பயம் என்பது இனிச் சாக்காகாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவனுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதே செல்போனில் 108-ஐ அழுத்த எவ்வளவு நேரமாகும்?

சேசுநாதர் சொன்ன உவமையின் சமாரியனும் சவாரி போனவன்தான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மற்ற இருவரும் கண்டார்கள், விலகிப் போனார்கள். அவனும் கண்டான், ஆனால் இறங்கினான். காயங்களைக் கட்டி, தன் வாகனத்தின்மேல் அவனை ஏற்றினான்.

கண்ட பிறகு இறங்குகிறோமா? இந்த வாரம் அதை யோசிப்போம்.

உங்கள் பங்குச் சாமியார்