நாம் என்னும் சொல்

ஆண்டாப் ஹில்லில் வாழும் தமிழ்ப் பௌத்தரை நோக்கி, "நீங்கள் யார்?" என்று வினவினால் விடை எளிதன்று. மராத்தியர் பலருக்கு நாம் மதராசிகள். தமிழருட் பலருக்குச் சேரி மக்கள். இலங்கைப் பௌத்தரிற் சிலருக்கோ வேற்று மொழியினர். ஆகவே தேசியம் என்பது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

1966 ஜூன் 19-இல் இந்நகரில் சிவசேனை தோன்றிற்று. லுங்கியைப் பழித்துக் கோஷங்கள் எழுந்தன. தென்னிந்தியரின் உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. மராத்திய இளைஞரின் வேலையில்லாக் குறை மெய்யே. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அக்குறைக்கு அண்டை வீட்டான் காரணமாக்கப்பட்டான்.

இத்தகைய ஆபத்தைப் பாபாசாகேப் அம்பேத்கர் 1955-இலேயே கண்டார். மொழிவாரி மாநிலங்களைப் பற்றிய நூலில், ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி என்பதை அவர் ஏற்றார். எனினும் ஒவ்வொரு வட்டாரத்திலும் பெருஞ்சாதி ஒன்று ஆள, சிறு சமூகங்கள் அதன்கீழ் நசுங்கும் என்று எச்சரித்தார். பம்பாய் தனி நகர மாநிலமாதல் வேண்டும் என்றும் எழுதினார். சாதிகள் தேசத்துக்கு விரோதமானவை என்று 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் கூறியவரும் அவரே.

மொழி போகட்டும்; மதம் காக்குமோ? இலங்கையைப் பாருங்கள். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. பிக்குகள் பலர் அதற்குத் துணைநின்றனர். அச்சட்டத்தைக் கொணர்ந்த பண்டாரநாயக்காவையே 1959 செப்டம்பரில் பிக்கு ஒருவர் சுட்டார். அவர்கள் வணங்கும் போதியையே நாமும் வணங்குகிறோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

"அநாத்மம் பேசும் நீங்கள், பௌத்தர் என்ற பெயரை ஏன் பற்றி நிற்கிறீர்?" என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டது, பிறர் சூட்டிய இழிபெயரைக் களைவதற்கே. மேலிருப்பவன் தன் பெயரை விடாமல், கீழிருப்பவனுக்கு மட்டும் அநாத்மம் போதிப்பது தம்மமன்று, தந்திரம். ஆயினும் மானத்தை மீட்க எடுத்த பெயர், பிறனைப் புறந்தள்ளும் பெயராக மாறும் கணம் நமக்கே தெரிவதில்லை.

ஓராண்டு வைசாகப் பௌர்ணமியன்று மராத்தியப் பௌத்தர் சிலர் நம் கூட்டத்துக்கு வந்தனர். திரிசரணத்தைப் பாலியில் நம்மோடு ஓதினர். அதன்பின் உரைகள் யாவும் தமிழில். ஒரு வரியும் பெயர்த்துச் சொல்லப்படவில்லை. "தமிழர் கூட்டத்துக்கு வந்தால் தமிழ் கற்று வரட்டும்" என்றார் நம் இளைஞர் ஒருவர். நாமும் சிரித்தோம். அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. அழைக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றவும் இல்லை. இவ்வாண்டு அழைப்பிதழ் இரு மொழியிலும் அச்சாகிறது.