பழியைப் பங்கு போடுவோம்

கல்லூரிக் கால்பந்து அணி தோற்றால் முதல் பழி கோல்கீப்பருக்கு, அடுத்தது பயிற்சியாளருக்கு.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா அரங்கில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதிப் போட்டியில் சுனில் சேத்ரியின் பெங்களூரு அணி சென்னையின் எஃப்சியிடம் 2-3 எனத் தோற்றது. கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டியே இரண்டு கோல்களைப் போட்டது சென்னை. அந்தப் பந்துகளைத் தடுக்கும் பொறுப்பு கோல்கீப்பர் ஒருவருக்கு மட்டுமா?

சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17. சேத்ரியின் தலைமையிலேயே கோவாவை 1-0 என வீழ்த்திக் கோப்பையை வென்றது பெங்களூரு. கூடுதல் நேரத்தில் கார்னர் பந்தைத் தலையால் முட்டி கோலாக்கியவர், தடுப்பாட்டக்காரர் ராகுல் பெகே!

தோல்வியைப் பதினொரு பேரும் பங்கு போட்டுக்கொள்ளும் அணிக்கே அடுத்த வெற்றி கைகூடும்.