கண்ணாடித் தொட்டியும் கொல்லாமையும்

இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் முதன்மையானது கொல்லாமை. அதனை நாம் பெரும்பாலும் உணவோடு மட்டுமே பொருத்திப் பார்க்கிறோம். புலால் புகாத வீட்டில் அவ்விரதம் முழுமையாகக் காக்கப்படுகிறது என்று மனநிறைவும் கொள்கிறோம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களிலிருந்து வந்து தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை முதலிய இடங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்று கூடத்தின் அழகுக்காக மீன்தொட்டி வைக்கும் ஆசை தோன்றியுள்ளது. “மீனை நாம் உண்ணவில்லையே, உணவிட்டு வளர்க்கத்தானே செய்கிறோம், இதில் குற்றம் என்ன?” என்னும் வினாவும் உடன் எழுகிறது. அதனை நாம் ஆராய்தல் வேண்டும்.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம், கொல்லாமை விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தினைக் கூறுகிறது. அவை உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவு மறுத்தல் என்பன. இவற்றுள் ‘கொல்லுதல்’ என்பது இடம்பெறவில்லை என்பதை நோக்குக. கொல்லாதவனும் தன் கைப்பட்ட உயிருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதே இதன் கருத்து. ஆநிரை காப்போர்க்குக் கூறியது போல் தோன்றினும், இது ஐந்தறிவுயிராகிய மீனுக்கும் பொருந்தும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் புறநகர்க் கடைகளிலும் வண்ணமீன்கள் விற்கப்படுகின்றன. அவ்வகை மீன்களுள் பலரும் விரும்புவது ஆப்பிரிக்க சிக்லிட் இனம். அவற்றுள் பலவற்றின் தாயகமான மலாவி ஏரி ஏறத்தாழ 29,600 சதுர கிலோமீட்டர் பரப்பும் 700 மீட்டர் ஆழமும் உடையது. அங்கே பாறை இடுக்குகளில் ஆண்மீன் தனக்கென எல்லை வகுத்துக் காக்கும். தோற்ற மீன் விலகிச் செல்லும். நான்கடித் தொட்டியிலோ விலகிச் செல்ல இடமில்லை. ஆகவே சண்டை ஒரே மீன்மீது விழாதிருக்க, மீன்களை நெருக்கமாக நிரப்புவது வளர்ப்போர் கையாளும் உத்தி. துன்பம் இதனால் நீங்குவதில்லை, பலவற்றுக்கும் பங்கிடப்படுகிறது.

புதிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை பொறாமல் மீனை விடுவோர் அதன் உயிரைப் பணயம் வைக்கின்றனர். தாய்மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து மூன்று வாரங்கள் வரை உணவின்றி இருக்கும். அதன் வாயை வலிந்து திறந்து குஞ்சுகளை எடுப்போரும் உண்டு. மீனுக்கு இரையாகப் புழுக்களை இடுவோமாயின், ஈரறிவுயிர்களின் கொலையும் நம்மைச் சாரும்.

“இவை ஏரியில் பிடித்தவை அல்ல, கொளத்தூர் போன்ற இடங்களில் தொட்டியிலேயே பிறந்தவை” என்பர் சிலர். பிறந்த இடம் மாறினும் மீனின் இயல்பு மாறுவதில்லை. எல்லை காக்கும் மீன் தொட்டியிலும் எல்லை தேடும். மேலும், அதன் மூச்சே நம் மின்இணைப்பைச் சார்ந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது மக்கள் படகேறி வெளியேறினர். அத்தகைய நாளில் அடைபட்ட உயிர் எங்கே செல்லும்? கட்டிவைத்தலை ஆசாரியர் குற்றம் என்றதன் பொருள் அப்போது விளங்கும்.

அப்படியாயின் மீன்களைச் சேலையூர் ஏரியிலோ சிட்லபாக்கம் ஏரியிலோ விட்டுவிடலாமா? அதுவும் சீவகாருண்யம் ஆகாது. 1952இல் உணவுக்காக இந்தியாவிற்குக் கொணரப்பட்ட திலேப்பியா, அதாவது நாம் ஜிலேபி என்று வழங்கும் மீன், ஆப்பிரிக்க சிக்லிட் இனமே. அது நம் நீர்நிலைகளில் பரவி, இங்குள்ள மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் மீனால் அங்கிருந்த சிக்லிட் இனங்கள் பல அற்றுப்போயின. விளைவு அறியாத இரக்கம் பல உயிர்களுக்குக் கேடாய் முடியும்.

ஆதலின் நம் கடமை இருவகைப்படும். தொட்டி இல்லாதார் அதனை வாங்காதிருத்தல் வேண்டும். கண்ணுக்கு இனிமை என்னும் ஒரே காரணத்திற்காக உயிரை உடைமையாக்குதல், பொருள் வரைதல் என்னும் விரதத்திற்கும் ஒவ்வாது. முன்னரே வைத்திருப்போர் மேலும் மீன் வாங்காமலும் இனப்பெருக்கம் செய்யாமலும், அகன்ற தொட்டியும் மறைவிடத்திற்குக் கற்களும் தாவர உணவும் தந்து, வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றி, அவற்றின் ஆயுள் முடியும் வரை பேணுதல் வேண்டும். அது பத்தாண்டுகள் வரை நீளலாம். ஏற்ற பொறுப்பை இடையில் கைவிடுதல் அறமன்று.

தீர்த்தங்கரரின் அன்னையார் கண்ட பதினாறு கனவுகளுள் இணைக்கயல்களும் ஒன்று. அவை பொய்கையில் விளையாடும் கயல்கள். நம் குழந்தைகள் மீனைக் காண விரும்பினால், ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று அவ்வாறே காட்டுவோமாக.