மறுபடி திறக்க ஒரு வழி

பழுது பார்ப்பவர் இன்றைய பழுதைத் தீர்த்தால் போதுமா, இனி வரப்போகும் பழுதுக்கும் இடம் விட்டுவைக்க வேண்டுமா? காஸ்ட் அயர்ன் புல்லட் மோட்டார் சைக்கிளில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை வைத்தே இதற்கு விடை தேடலாம். 1955இல் மெட்ராஸுக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய அதே எஞ்சினோடு ஓடிய வண்டி அது. கிராங்கின் இடது முனையில் காந்தம் பொதிந்த ரோட்டர் சுழலும். அதைச் சுற்றி, இரும்பின் மேல் செம்புக் கம்பி சுற்றிய ஸ்டேட்டர் அசையாமல் நிற்கும். நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. செயினும் கிளட்சும் நனையும் அதே ஆயிலுக்குள்தான் இதுவும் கிடக்கிறது. சூடும் அதிர்வும் ஆயிலும் கம்பியின் மேல்பூச்சை மெல்ல அரிக்க, ஒருநாள் செம்பு இரும்பைத் தொடுகிறது. காயில் பாடி ஷார்ட்; ஹெட்லைட் மங்குகிறது, பேட்டரி இறங்குகிறது.

கம்பியைப் புதிதாகச் சுற்றியதும் மொத்தத்தையும் எபாக்சியில் புதைத்துவிடும் ஆசை எவருக்கும் வரும். இனி ஆயில் புகாது, கம்பி ஆடாது, வேலை திரும்பி வராது. அந்த ஆசையை நான் நம்புவதில்லை. சூடேறும்போது இரும்பைவிடச் செம்பு அதிகம் விரியும். சாதாரண எபாக்சியோ செம்பைவிடச் சுமார் மூன்று மடங்கு விரியும். ஏறி இறங்கும் சூட்டில் இந்த இழுபறி நடந்துகொண்டே இருக்க, எங்காவது மயிரிழை விரிசல் விடும், ஆயில் அதற்குள் இறங்கும். அப்போது பழுது எங்கே என்று பார்க்கக்கூட வழியிருக்காது. பங்காளிச் சண்டையை ‘இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது’ என்று முடித்துவைக்கும் பஞ்சாயத்தும் இந்த ரகம்தான்.

ஆல்டர்னேட்டர் செய்த லூகாஸ் நிறுவனமே பிற்காலத்தில் ஸ்டேட்டர்களைப் பிசினில் பொதிந்துதானே விற்றது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றை சிலிண்டரின் உதறலில் தளர்ந்த கம்பி ஒன்றோடொன்று உரசியே செத்துப்போகும். அதை ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தொழிற்சாலை தேர்ந்தெடுக்கும் பிசினும் அதை இறுக வைக்கும் முறையும் வேறு, பட்டறையில் கலக்கும் பசை வேறு. வார்னிஷில் முக்கிச் சூடேற்றி உலர்த்தினால் கம்பி அசையாமல் நிற்கும். அடுத்தவர் அதை வெட்டி எடுத்து மறுபடி சுற்றவும் முடியும். பிசினில் புதைத்ததைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும்.

இவற்றையெல்லாம் மூடும் செயின் கேஸ் மூடியின் கதை இன்னும் தெளிவு. அந்த மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டும் விளிம்பில் ஒரு ரப்பர் வளையமும் பிடித்து வைத்திருக்கின்றன. அடிக்கடி திறக்க நேரும் என்று ஒப்புக்கொண்டு செய்த அமைப்பு அது. ஒழுகுகிறது என்று சுற்றிலும் சிலிக்கான் அப்பினால், அடுத்த தடவை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் கழற்ற வேண்டியிருக்கும். அலுமினிய விளிம்பில் விழும் அந்த வடு பிறகு எந்த ரப்பருக்கும் அடங்காது. ஒழுகலைத் தடுக்கப் போட்டதே ஒழுகலை நிலைக்க வைத்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: சில வண்டிகளில் ஆயில் விளிம்பு வழியாக வருவதே இல்லை. ஸ்டேட்டர் ஒயரின் உறைக்குள், இழைகளுக்கு நடுவே ஊர்ந்து வெளியே வரும். வெளியில் எவ்வளவு பூசினாலும் நிற்காது. ஒயரை ஓரிடத்தில் உரித்து, இழைகளுக்குள் ஈயம் ஓட வைத்து அடைத்தால்தான் நிற்கும்.

இத்தனை மெனக்கெடாமல் புது ஸ்டேட்டரே வாங்கிவிடலாமே என்பது கடைசி ஆட்சேபம். இன்று கிடைக்கிறது, வாங்கலாம். அதில் தவறு காண மாட்டேன். கிடைக்காத நாளில் அந்தத் தேர்வு நம் கையில் இருக்காது. ஒட்டி மூடிய கைபேசிகளில் இதை எல்லோரும் பார்த்தாயிற்று. சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி 2027 பிப்ரவரி முதல் அமைக்க வேண்டும் என்று, சில விலக்குகளோடு, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

வார்னிஷ் போட்ட காயில் எபாக்சி போட்டதைவிடச் சீக்கிரம் போகலாம். இந்த வாதத்தில் அந்த நஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. இரண்டும் என்றோ ஒருநாள் எரியத்தான் போகின்றன. கம்பி எத்தனை கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று சுற்றியவர் குறித்துவைத்திருந்தால், அன்றைக்கு வேலை செய்பவருக்கு அந்தச் சீட்டு போதும்.