எல்லா ஷாட்டுக்கும் ஒரே நிறம்

சினிமாவில் நிறம் திருத்துவது ஒரு தொழில்நுட்ப விவகாரமாக மட்டுமே பேசப்பட்டு வருகிறது. அதற்குள் ஒரு நியாயப் பிரச்னை இருக்கிறது என்றால் தொழில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தத்துவம் தெரிந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பலவற்றுக்கும் சேர்த்து ஒரு விதி செய்வது எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்ற பழைய கேள்வி எடிட்டிங் மேஜையில் கண்கூடாகவே வந்து நிற்கிறது.

காரியம் இதுதான். ஐந்து நிமிஷம் நடப்பதாகக் காட்டவேண்டிய ஒரு காட்சி காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை எடுக்கப்பட்டிருக்கும். காலை ஷாட்டில் வெளிச்சம் வெள்ளையாக இருக்கும், மாலையில் மஞ்சளித்திருக்கும், நடுவில் ஒரு மேகம் வந்து எல்லாவற்றையும் நீலமாக்கிவிட்டுப் போயிருக்கும். இவற்றை அப்படியே ஒட்டவைத்தால் பார்ப்பவன் கதையை விட்டுவிட்டு மணி பார்க்க ஆரம்பித்துவிடுவான். ஆகவே எல்லாவற்றையும் திருத்தி ஒரே பொழுதுக்குக் கொண்டுவர வேண்டும். நெகடிவ் காலத்தில் லேபில் இதற்கென்றே ஒருவர் இருந்தார். பிரிண்ட் போடும் மெஷினில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வெளிச்சங்களுக்கும் 1 முதல் 50 வரை படிகள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண்கள். ஆயிரம் ஷாட் இருந்தால் ஆயிரத்தையும் அவர் பார்த்தாக வேண்டும். இன்று டாவின்சி ரிஸால்வ் மாதிரியான ஸாஃப்ட்வேரில் ஒரு க்ளிப்பைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை நூறு க்ளிப்பின்மேல் ஒரே மூச்சில் போட்டுவிடலாம். நூறையும் பார்க்கவேண்டிய நிர்ப்பந்தம் போய்விட்டது. பிரச்னை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மேகத்துக்கு ஆன திருத்தம் வெயிலுக்கு ஆகாது. நீலித்த ஷாட்டில் கொஞ்சம் மஞ்சள் கூட்டினால் அது சரியாகிறது. அதே அளவை ஏற்கெனவே மஞ்சளித்த ஷாட்டில் கூட்டினால் முகங்களுக்குக் காமாலை வந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒன்றையே செய்தால் எல்லாம் ஒன்றாவதில்லை. முன்பிருந்த வித்தியாசம் இடம் பெயர்ந்து அப்படியே நிற்கிறது. கணக்கில் பிசகாத சமத்துவம். நியாயம் மட்டும் இல்லை. ரிஸால்வில் க்ளிப்புகளைக் குழுவாகச் சேர்த்தால் திருத்தம் மூன்று அடுக்காகப் பிரிவதை இந்த வகையில் கவனிக்கவேண்டும். முதலில் குழு முழுவதற்கும் ஒன்று. பிறகு தனித்தனிக் க்ளிப்புக்கு ஒன்று. கடைசியில் மறுபடி குழு முழுவதற்கும் ஒன்று. இரண்டு பொதுவுக்கு நடுவே தனிக்கு ஓர் இடம். ஒவ்வொன்றின் குறையையும் அதனதன் அளவில் தீர்த்த பிறகே எல்லாவற்றின் மேலும் ஒரு நிறத்தைப் போர்த்துவது முறை. நடு அடுக்கைத் தாண்டிக் குதிப்பவனைச் சோம்பேறி என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் சட்டம் செய்கிறவர்களும் இதே தாண்டலைச் செய்கிறார்கள். அவர்களை நாம் அப்படிச் சொல்லி விட்டுவிடுவதில்லை.

சரி, தனித்தனியாகவே திருத்துகிறோம். எதைப் போல ஆக்குவதற்கு? ஒரு ஷாட்டை மாதிரியாக நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் பக்கம் இழுக்கவேண்டும். மாதிரி எது என்று மெஷின் சொல்லாது. கோடாக் கம்பெனி லேபுகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. அட்டைக்கே 'ஷெர்லி' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோல் சரியாக விழுந்தால் மெஷின் சரி, அவ்வளவுதான் பரிசோதனை. விளைவு, வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்த பள்ளிக்கூடப் போட்டோவில் கறுப்பு முகங்களில் கண்ணும் பல்லுமே மிஞ்சின. பிலிம் அடர்ந்த நிறங்களைப் பிடிக்கும்படி மாறியதற்குச் சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி செய்பவர்களும் செய்த புகார் ஒரு காரணம் என்று லோர்னா ராத் 2009-ல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார். மனித முகம் கேட்டுப் பெறாததை நாற்காலி கேட்டுப் பெற்றிருக்கிறது. 'ஈஸ்ட்மன் கலர்' என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டுப் படம் ஓட்டிய நமக்கும் இது அந்நிய விஷயமில்லை. அது அதே கோடாக்கின் பிலிம்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு முகத்துக்கு நன்றாக அமைந்த திருத்தத்தை எல்லா முகத்துக்கும் போட்டார்கள். இத்தனைக்கும், நிறத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப் கருவியில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. வெளுத்தவர், கறுத்தவர் எவருடைய தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டையொட்டியே விழும். சாயல் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. பெரிதாக வேறுபடுவது வெளிச்சத்தின் அளவு. அந்த அளவில்தான் ஓரவஞ்சனை புகுகிறது. முகத்தின் ஒளிர்ந்த பகுதியை 70 சதவீதத்தில் வை என்று வீடியோக்காரர்கள் கடைப்பிடித்த விதி வெளுத்த முகத்தை வைத்துச் செய்தது. கறுத்த முகத்தையும் அதே 70-க்கு ஏற்றினால் அது சாம்பல் பூசிக்கொள்கிறது. விதியோ பொதுவிதி என்ற கௌரவத்தோடு நடமாடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் பலவற்றின் மேல் ஒரே நிறத்தைப் போர்த்துவதே பொய்யா என்று கேட்கலாம். இல்லை. கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) முழுவதுமாகக் கணிப்பொறியில் நிறம் திருத்தப்பட்ட முதல் ஹாலிவுட் படங்களில் ஒன்று. மிஸிஸிப்பியின் கோடைப் பச்சையை ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் படம் நெடுகக் காய்ந்த மஞ்சளாக்கினார். அது 1930களின் கதை. புராணச் சாயல் கொண்ட கற்பனை. அந்த மஞ்சள் படத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிறது. அதே வருஷம் வந்த ஸோடர்பர்க்கின் 'டிராஃபிக்'கில் கேமராவிலும் லேபிலுமாக மெக்ஸிகோவுக்குப் புகையிலைப் பழுப்பு தரப்பட்டது. வாஷிங்டன் பகுதிகளுக்குக் குளிர்ந்த நீலம். மூன்று கதைகளைக் குழம்பாமல் பிரித்துக் காட்டும் உத்தி என்ற அளவில் அது கெட்டிக்காரத்தனம். ஆனால் மெக்ஸிகோ படத்துக்கு வெளியேயும் இருக்கிற ஒரு தேசம். அங்கே மழை பெய்கிறது, புல் முளைக்கிறது. ஒரு தேசத்தின் எல்லா ஷாட்டுக்கும் ஒரே பழுப்பு என்பது அந்த தேசத்தைப் பற்றிய ஓர் அபிப்பிராயம். வசனமாகச் சொல்லியிருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள். நிறமாகச் சொன்னதால் அது வெயிலாகவே நம்பப்படுகிறது.

ஆகவே கேள்வி ஒரே நிறமா பல நிறமா என்பதல்ல. எந்த முகத்தை மாதிரியாக வைத்தோம், திருத்தத்தைப் போட்ட பிறகு நூறு க்ளிப்பையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோமா என்பதே. லேபில் இருந்தவர் ஆயிரத்தையும் பார்த்தார் என்றால் அது மெஷின் அவர்மேல் விதித்த கட்டாயம். அதற்காக அவரை நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. பார்க்காமலே வேலையை முடித்துக் கொடுத்துவிடலாம், பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பார்ப்பது இப்போதுதான் தார்மீக விஷயமாகியிருக்கிறது.