மறைப்புக்குள் அரை நிமிடம்

2021 ஏப்ரல் 25 அன்று டெல்லி சீக்கியர்கள் தங்கள் குருத்வாரா நிர்வாகக் குழுவுக்கு வாக்களித்திருக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டருக்காக நகரமே அலைந்த நாட்கள் அவை, தேர்தல் தள்ளிப்போனது. மே மாதம் ரகாப்கஞ்ச் குருத்வாரா வளாகத்தில் 400 படுக்கைகளோடு கொரோனா சிகிச்சை மையம் திறந்தது. ஆகஸ்ட் 22-ல்தான் 46 வார்டுகளிலும் காகிதச் சீட்டில் வாக்குப்பதிவு நடந்தது. 40 சதவீதம் பேர்கூட வரவில்லை.

கைபேசியிலேயே வாக்களிக்க விட்டால் என்ன? கேள்வி நியாயமானது. பங்களா சாஹிப் குருத்வாராவின் கீர்த்தனையை வீட்டிலிருந்தே கேட்கிறார்கள். அதை யாரும் குறைவான பக்தி என்பதில்லை. இரவுப் பணி முடிந்து வரும் செவிலியருக்கும், படுக்கையை விட்டு எழ முடியாத பெரியவருக்கும் காணிக்கைப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை உண்டு.

‘சங்கத்’ எனும் வழிபாட்டுச் சபையில் கூடுவதே சமயம், நேரில் வராதவருக்குக் குரல் எதற்கு என்பது ஒரு மறுப்பு. புனித நூலான குரு கிரந்த சாஹிப் முன்னிலையில் கூடிப் பேசி எடுத்த முடிவைத்தான் சீக்கியர்கள் குர்மதா என்றார்கள். குருத்வாராவின் பொதுச் சமையல்கூடமான லங்கரில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரை எதிர்த்துப் பேசும்போது வார்த்தை தடிக்காது என்பதும் உண்மை. ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தக் குழு பள்ளிகளையும் நடத்துகிறது, கணக்கும் வைத்திருக்கிறது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கால் வலியின் பேரில் பறிப்பது அநியாயம்.

வலுவான மறுப்பு வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அம்மாவின் கைபேசிக்கு ஓடிபி வருகிறது. "நம்பரைச் சொல்லும்மா, நானே போட்டுடறேன்" என்கிறான் மகன். மிரட்டல் ஏதுமில்லை, பாசம்தான். அவர் ஆறு எண்களையும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படிக்கிறார். வாக்கு போய்விட்டது. சாவடியின் அட்டை மறைப்புக்குள் அவருக்குக் கிடைத்திருக்கும் அரை நிமிடத் தனிமை, பல பெண்களுக்கு வேறெங்கும் கிடைக்காதது. அலைச்சலை மிச்சப்படுத்த அதை விலையாகக் கொடுக்கக் கூடாது.

நம்பிக்கைக்குக் கண்ணும் சாட்சியாக வேண்டும். ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் உத்திரமேரூரின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைப் பாருங்கள்: பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும், விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும், அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். எழுத்தறியாதவரும் அங்கே நின்று தில்லுமுல்லைக் கண்டுபிடித்துவிடலாம். சர்வருக்குள் நடப்பதை அப்படி யார் பார்ப்பது?

ஆகவே வாக்கைத் தவிர மற்றதையெல்லாம் இணையத்தில் திறந்துவிடலாம்: கூட்டங்கள், வரவு செலவு, உறுப்பினரிடம் கேள்வி. நடக்க முடியாதவரிடம் சாவடியே போகட்டும். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்கள் விரும்பினால் அலுவலர்கள் வீடு தேடிப் போய் வாக்குச்சீட்டை வாங்கினார்கள். செலவும் ஆளும் கூடுதலாகத் தேவைப்படும்தான். தினமும் ஆயிரக்கணக்கானோருக்கு ரொட்டி சுடும் சமூகத்துக்கு அது பெரிய பாரமில்லை. மேசைமேல் மறைப்பு அட்டையை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் வெளியே நில்லுங்கள்" என்று மகனிடம் சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.